பெறுமதி இல்லை

பெட்டிக்குள் இருந்தவை:
சுலுப்பின் பயணச்சீட்டு, தரங்கம்பாடி முத்திரையோடு.
உப்பு அரித்த சரக்குக் கணக்கு.
ஒரு செருப்பு, இடக்கால்.
வாசம் போய் இருநூறு வருடமாகியும்
கொத்தமல்லி என்றே எழுதியிருக்கும் ஒரு பொட்டலம்.
பதினொரு ஓலைச்சுருள்கள்.
ஒன்றையும் எவரும் பிரித்ததில்லை.

ஆயிரத்து எண்ணூற்று எட்டு, மாசி மாதம்.
எங்கேயோ குளிர்தேசத்தில்
டேனிஷ் ராசாவுக்கும் இங்கிலீசு ராசாவுக்கும் பகை.
அந்தச் செய்தியும் பாய் விரித்துத்தான் வரவேண்டும்;
பிடிக்க வந்த கப்பலே அதைக் கொண்டுவந்தது.
கொழும்புத் துறைக்கு இரண்டு நாழிகை இருக்கையில்
சேகு நெய்னாத் தண்டையல்
தான் எதிரி என்று அறிந்துகொண்டார்.

கோட்டைக்குள் நிற்கவைத்துக் கேட்டார்கள்.
முப்பத்திரண்டு கேள்விகள், அச்சடித்தவை.
எங்கே பிறந்தாய். எங்கே குடியிருக்கிறாய்.
யாருடைய பிரசை. இங்கே யாரைத் தெரியும்.
வெள்ளவத்தையில் ஒரு காலம்
நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும்
இவற்றுக்குப் பதில் சொல்வேன்.
நித்திரையில் எழுப்பித்தான் கேட்டார்கள்.

இருபத்தொன்பதாம் கேள்வி:
பிடிபடுமுன் ஏதும் கடதாசியைக்
கிழித்தாயா, எரித்தாயா, கடலில் எறிந்தாயா?
இல்லை, என்கிறார் தண்டையல். கைநாட்டு.

நாங்கள் எரித்தோம்.
தம்பியின் கடிதங்களை, சோறு வடித்த அடுப்பில்,
விலாசத்தை முதலில்.

ஏழாவது சுருளை நிலந்தி எனக்காக நனைத்து இளக்கினாள்.
காப்பகத்தில் தமிழ் வாசிக்க
அன்றைக்கு நான் ஒருத்தி.
முடிச்சை அவிழ்க்கவே அரைநாள்.
கட்டியிருந்த நூல் ஓலைக்குத் தேவையானதைவிட நீளம்,
சுற்றிச் சுற்றி, சுற்றிச் சுற்றி வந்துகொண்டேயிருந்தது.

புள்ளியில்லாத எழுத்து. கூட்டி வாசித்தேன்:
கொழும்பு பழைய சோனகத் தெருவில்
சாயவேர்க் கிட்டங்கி மீராக்கண்டு அவர்களுக்கு
பாத்துமுத்து சொல்ல எழுதினது.
நீங்கள் கப்பல் ஏறும்போது சுலைகா தவழ்ந்தாள்.
இப்போது நிற்கிறாள்.
கட்டியிருக்கிற நூலை அவிழ்த்துப் பாருங்கள்,
இத்தனை நிற்கிறாள்.
சட்டைக்குத் துணி எடுப்பதானால்
சிவப்பு வேண்டாம், சிவப்பு இங்கே நிறைய.

நிலந்தி, என்ன எழுதியிருக்கிறது என்றாள்.
என் சிங்களம் அலுவலகச் சிங்களம்.
கையைத் தரையிலிருந்து
மேசைக் கால் உயரத்துக்குத் தூக்கிக் காட்டினேன்.
அவள் கையுறையைக் கழற்றிவிட்டு
கொஞ்ச நேரம் யன்னல் பக்கம் போனாள்.

நீதிமன்றப் பட்டியலைப் பிறகு பார்த்தேன்.
புடவைக்கட்டு நாற்பது: இத்தனை இறைசால்.
பாக்கு: இத்தனை. நங்கூரம்: இத்தனை.
சுலுப்பு, பாய்மரம் இரண்டோடு, ஏலத்தில் போனது.
ஓலை, நூல்: பெறுமதி இல்லை.
அதனால்தான் மிஞ்சின.

எங்கள் படிவத்திலும் ஒரு கட்டம் உண்டு.
நூல், பருத்தி, ஒன்று.
நீளம்: எண்பத்தேழு சென்ரிமீற்றர்.
முடிச்சின் வகை: தெரியாது.

வேலை முடிந்து நேரே வீட்டுக்குப் போகவில்லை.
பழைய சோனகத் தெரு முழுக்க இரும்புக் கடைகள்,
பூட்டு, பிணைச்சல், தண்ணீர்க் குழாய்.
நாட்டாமைக்காரர்களின் வண்டிக்கு வழிவிட்டு வழிவிட்டு
ஒரு பெயின்ற் கடை வாசலில் ஒதுங்கினேன்.
சாயம் இன்னும் இந்தத் தெருவை விட்டுப் போகவில்லை,
தகரத்தில் அடைபட்டிருக்கிறது.

பக்கத்துக் கடையில் பந்து பந்தாய் நூல்.
எண்பத்தேழு சென்ரிமீற்றர் வேண்டும் என்றேன்.
பொடியன் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.
அப்படி வெட்ட ஏலாது மிஸ்,
மீற்றர்க் கணக்கில்தான்.
மேசை விளிம்பில் அறைந்திருந்த
இரண்டு பித்தளை ஆணிகளுக்கிடையே இழுத்துப் பிடித்தான்.
பதின்மூன்று கூட வருமே, பரவாயில்லையா?

இருக்கட்டும் தம்பி, என்றேன்.
வளருகிற பிள்ளை.